48 நிமிடம் பட்டினி, 10 நிமிடத்தில் 4 கோல்! எழும்பூரில் நம்ம பையன்களுக்கு என்ன ஆச்சு?

திருத்தணி—

"இன்னாப்பா இது, ஓமன் மேல 17 கோல் போட்டானுங்க, ஜெர்மனியப் பார்த்ததும் கைய கட்டிக்கிட்டானுங்களா?"

2025 டிசம்பர் 8-ந் தேதி, திங்கட்கிழமை காலை. திருத்தணியில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட மின்சார ரெயிலில் இதுதான் பேச்சு. அரக்கோணத்தில் ஏறியவர்களும் அதையே பேசினார்கள். திருவள்ளூரில் ஏறியவர்கள் இன்னும் கொஞ்சம் காரமாகப் பேசினார்கள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு சென்னை எழும்பூர் மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கி அரை இறுதி ஆட்டம். ஜெர்மனி 5, இந்தியா 1. முதல் பாதி முடியும்போதே 3-0. டிக்கெட் இலவசம் என்பதால் நம்ம ஊரில் இருந்தும் வேலை முடிந்த கையோடு போனவர்கள் உண்டு. கடைசி வண்டியை விடக்கூடாதே என்று பாதியில் எழுந்து வந்தவர்கள், 51-வது நிமிடத்தில் விழுந்த நம்ம ஒரே கோலைக்கூடப் பார்க்கவில்லை!

கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தில் சொன்னது எல்லாம் சரியா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்து விடுவோம். எழும்பூர் மைதானத்துக்கு 'மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம்' என்று பெயர். நம்ம திருத்தணியில் பிறந்து ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயர்தான் அது என்று நம்ம ஊரில் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இல்லை சார். நம்மவர் பேராசிரியர், தூதர், துணை ஜனாதிபதி, ஜனாதிபதி எல்லாம் ஆனார், மேயர் ஆகவில்லை. இவர் சென்னைக்கு மேயராக இருந்த வேறு ராதாகிருஷ்ணன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆடிக் கிருத்திகை வியாபாரம்

போட்டி நவம்பர் 28-ந் தேதி ஆரம்பித்தது. சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள். முதல் முறையாக 24 நாடுகள். பாகிஸ்தான் வராமல் போக, அந்த இடத்தில் ஓமன் வந்தது. 21 வயதுக்கு உட்பட்ட பையன்கள் ஆடும் போட்டி இது.

லீக் ஆட்டங்களில் நம்ம பையன்கள் என்ன செய்தார்கள்? சிலியை 7-0. மறுநாளே ஓமனை 17-0. மதுரையில் சுவிட்சர்லாந்தை 5-0. மூன்று ஆட்டத்தில் 29 கோல்! வாங்கியது பூஜ்யம். ஓமன் ஆட்டத்தில் மட்டும் தில்ராஜ் சிங் 4, அர்ஷ்தீப் சிங் 3, மன்மீத் சிங் 3. கோல் போடாதவன் யார் என்று தேட வேண்டியிருந்தது.

மலையடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது பூக்கடை, தேங்காய்க் கடை, வளையல் கடை எதுவும் படுத்துக் கொண்டே வியாபாரம் செய்யும். கல்லாவை எண்ண நேரம் இருக்காது. அதை வைத்துக் கொண்டு, 'நாம பெரிய வியாபாரி' என்று சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் எவ்வளவு விற்றது? அதுதான் கணக்கு.

நம்ம அணிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கால் இறுதியில் வந்தது. எதிரே பெல்ஜியம். டிசம்பர் 5-ந் தேதி. 13-வது நிமிடத்திலேயே பெல்ஜியம் ஒரு கோல் போட்டு விட்டது. நம்ம பக்கம் முன்வரிசைப் பையன்கள் ஓடினார்கள், முட்டினார்கள், பந்து உள்ளே போகவில்லை. 45-வது நிமிடத்தில்தான் கேப்டன் ரோகித் பெனால்டி கார்னரில் முதல் கோல் போட்டார். 48-வது நிமிடத்தில் சர்தானந்த் திவாரி இன்னொன்று, அதுவும் பெனால்டி கார்னர்தான். ஜெயித்து விட்டோம் என்று எழுந்து நின்றபோது, முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பெல்ஜியம் சமன் செய்தது. கடைசியில் ஷூட்-அவுட். கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்துக் கொடுத்ததால் 4-3 என்று தப்பித்தோம்.

ஜெயித்ததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஜெயித்த வீட்டில் யார் சில்லரையை எண்ணுவார்கள்?

முதல் 44 நிமிடம்

இப்போது எண்ணிப் பார்ப்போம். பெல்ஜியத்துக்கு எதிராக முதல் 44 நிமிடம் கோல் இல்லை. ஜெர்மனிக்கு எதிராக முதல் 50 நிமிடம் கோல் இல்லை; 51-வது நிமிடத்தில் அன்மோல் எக்கா ஒன்று போட்டார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் 48 நிமிடம் கோல் இல்லை.

அதாவது, தோற்றால் வெளியே என்ற மூன்று ஆட்டங்களிலும், 44-வது நிமிடம் வரை இந்தியா ஒரு கோல் கூடப் போடவில்லை. மொத்தம் 132 நிமிடம். இதைத்தான் கோல் வறட்சி என்பது. ஜெர்மனி ஆட்டத்தில் மட்டும் நடந்த விபத்து இல்லை. ஓமன் மேல் பெய்த மழையில் நமக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த மூன்று ஆட்டங்களிலும் இந்தியா போட்டது மொத்தம் 7 கோல். அந்த ஏழில் ஒன்று கூட ஓடிவந்து அடித்த பீல்டு கோல் இல்லை. ஆறு பெனால்டி கார்னர், ஒன்று பெனால்டி ஸ்டிரோக். லீக்கில் வரிசையாகக் கோல் போட்ட தில்ராஜ், அர்ஷ்தீப், அஜீத் யாதவ், குர்ஜோத் பெயர்கள் கோல் பட்டியலில் இருந்து காணாமல் போய்விட்டன. கோல் போட்டது எல்லாம் பின்வரிசையும் நடுவரிசையும்தான்.

ஏன்? 'பயம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லி விடலாம். ரெயிலில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் முழு உண்மை அது இல்லை. சிலி, ஓமன் மாதிரி அணிகளிடம் பந்தை வாங்கித் திரும்பி, நிமிர்ந்து, இடம் பார்த்து அடிக்க நேரம் இருக்கும். ஜெர்மனியிடம் அந்த நேரம் கிடையாது. பந்து வரும் முன்னாலேயே ஒரு ஆள் முதுகில் நிற்கிறான். அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். 17 கோல் போட்ட கைக்கு அந்த அரை விநாடி பழக்கம் இல்லை. ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை கை இறுகும். இறுகிய கையால் அடித்த பந்து கோல்கீப்பரின் காலில்தான் போய் விழும்.

ஜெர்மனி என்றாலே...

ஜெர்மனியிடம் தோற்பது நமக்குப் புதுசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-ல் புவனேசுவரத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை அரை இறுதியில் 2-4. 2023-ல் கோலாலம்பூரில் அரை இறுதியில் 1-4. 2025-ல் எழும்பூரில் 1-5. மூன்று தடவையும் அதே இடம், அதே எதிரி!

அதில் கோலாலம்பூர் ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரியும். அன்றைக்கு நமக்கு 12 பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒரு டஜன்! ஒன்று கூடக் கோல் ஆகவில்லை. அப்போது பயிற்சியாளர் சி.ஆர்.குமார். அந்த இரண்டு தடவையும் நாம் வெண்கல ஆட்டத்திலும் தோற்றோம். 2021-ல் பிரான்சிடம் 1-3, 2023-ல் ஸ்பெயினிடம் 1-3. வெறுங்கையோடு நாலாவது இடம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரை இறுதியில் அடி வாங்கிய பையன்களை இரண்டு நாளில் தூக்கி நிறுத்துவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை. தங்கம் போச்சு, இனி என்ன என்று படுத்து விடுகிற வயசு அது. இரண்டு தடவை படுத்தும் விட்டார்கள். 2025-ல் மூன்றாவது தடவை.

கோல்கீப்பர் வாத்தியார்

இந்தத் தடவை பயிற்சியாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் ஜில்லாக்காரர். 336 சர்வதேச ஆட்டம் ஆடிய கோல்கீப்பர். டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர். 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்றபோது அவர் போட்ட 16-ம் நம்பர் சட்டையையே சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று சொல்லி விட்டார்கள். ஓய்வு பெற்ற கையோடு ஜூனியர் அணியை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

'வாழ்நாள் எல்லாம் கோலைத் தடுத்தவர், கோல் போட எப்படிக் கற்றுக் கொடுப்பார்?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டைப் பற்றி பூட்டுக்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எந்தப் பந்து வந்தால் கோல்கீப்பருக்கு வயிற்றைக் கலக்கும் என்பது இன்னொரு கோல்கீப்பருக்குத்தானே தெரியும்.

அவருக்கும் வந்தது எல்லாம் பூ மாலை இல்லை. 2024 டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பையை வாங்கினார்கள். அரைஜீத் சிங் ஹுண்டல் அன்று தனியாகவே 4 கோல் போட்டார். ஆனால் 2025 அக்டோபரில் மலேசியாவில் சுல்தான் ஜோகர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி கார்னர்கள் கோலாகவில்லை. ஆக, வியாதி எழும்பூருக்கு முன்னாலேயே இருந்தது. மருந்துதான் தேட வேண்டியிருந்தது.

அந்த 2 நிமிடம்

டிசம்பர் 10-ந் தேதி, புதன்கிழமை மாலை. வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே அர்ஜென்டினா. 3-வது நிமிடத்திலேயே அவர்களுக்கு ஒரு கோல். 44-வது நிமிடத்தில் இன்னொன்று. 0-2.

ஆக்கி இப்போது 15 நிமிடமாக நாலு பகுதி. மூன்றாவது பகுதிக்கும் நாலாவது பகுதிக்கும் நடுவே 2 நிமிடம்தான் இடைவேளை. ஒரு சோடா குடிக்கிற நேரம். அந்த 2 நிமிடத்தில் வாத்தியார் பையன்களிடம் சொன்னது என்னவோ, திரும்பி வந்தவர்கள் வேறு ஆட்கள் மாதிரி ஆடினார்கள்.

49-வது நிமிடம் அங்கித் பால். 52-வது நிமிடம் மன்மீத் சிங். 57-வது நிமிடம் பெனால்டி ஸ்டிரோக்கில் சர்தானந்த் திவாரி. 58-வது நிமிடம் அன்மோல் எக்கா. 10 நிமிடத்தில் 4 கோல்! 4-2. வெண்கலம். 2016-ல் லக்னோவில் கோப்பை வென்ற பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

சத்தம் போட்டதால் வந்த கோல் இல்லை இது. வழியை மாற்றியதால் வந்த கோல். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பெனால்டி கார்னர் என்றால் என்ன? எதிர் அணி வட்டத்துக்குள் தப்பு செய்தால் கிடைப்பது. கோல் கம்பத்துக்குப் பின்னால் கோட்டில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். ஓரத்தில் இருந்து நம்ம ஆள் பந்தைத் தள்ளுவான். வட்டத்தின் உச்சியில் ஒருவன் நிறுத்துவான். இன்னொருவன் மட்டையால் அள்ளி வீசுவான். இதற்கு டிராக் பிளிக் என்று பெயர். கோல் கம்பம் 12 அடி அகலம், 7 அடி உயரம். பெரிய கடைத் தெருவில் ஒரு ஷட்டர் அளவு. வட்டத்தின் உச்சி அங்கிருந்து சுமார் 16 கஜம். பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலே வரும்.

இவ்வளவு வேகமாக வந்தும் கோல்கீப்பர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? வீசுகிறவனின் தோளையும் மட்டையையும் பார்த்து, பந்து கிளம்பும் முன்னாலேயே ஒரு பக்கம் சாய்ந்து விடுகிறார்கள். போதாததற்கு எதிர் அணிக்காரர்கள் நம்ம ஆட்களின் பழைய படங்களைப் போட்டுப் பார்த்து, இவன் வலது பக்கம் வீசுவான், அவன் கீழே வீசுவான் என்று குறித்து வைத்துக் கொண்டுதான் வருகிறார்கள். ஒரே மாதிரி வீசிக் கொண்டிருந்தால் ஒரு டஜன் கார்னர் கிடைத்தாலும் கோலாலம்பூர் கதைதான்.

அர்ஜென்டினா ஆட்டத்தில் முதல் இரண்டு கோலும் நேராக வீசியது இல்லை. வந்த பந்தை நடுவழியில் ஒருவன் மட்டையை நீட்டித் திருப்பி விட்டான். அங்கித் பால் கோலும் அப்படி. மன்மீத் கோலும் அப்படி. கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்து விட்ட பிறகு பந்து இன்னொரு பக்கம் போகிறது. அந்த நேரத்தில் கடவுளே நின்றாலும் தடுக்க முடியாது. எந்தக் கோல்கீப்பரைக் கேட்டாலும், தூக்கம் கெடுப்பது இந்தத் திருப்பிவிடும் பந்துதான் என்பார். ஸ்ரீஜேஷ் இருபது வருஷம் அதை வாங்கிய ஆள்!

இரண்டு தடவை இப்படித் திருப்பிவிட்ட பிறகு, எதிரிக்குக் குழப்பம். இந்தத் தடவை திருப்புவானா, நேராக வீசுவானா? அந்தக் குழப்பத்தில்தான் 58-வது நிமிடத்தில் அன்மோல் எக்கா நேராகவே வீசினார். உள்ளே போய்விட்டது.

இதே எழும்பூர் மைதானத்தில் 2023 ஆகஸ்டு 12-ந் தேதி சீனியர்களும் இதே போல் ஒரு கூத்து செய்தார்கள் என்பது பல பேருக்கு நினைவிருக்கும். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். மலேசியா 3, இந்தியா 1. 45-வது நிமிடத்தில் ஒரே மூச்சில் இரண்டு கோல், 56-வது நிமிடத்தில் ஒன்று. 4-3 என்று கோப்பை நமக்கு. அன்றைக்கு கோலில் நின்றவர் இதே ஸ்ரீஜேஷ். டோக்கியோ வெண்கல ஆட்டத்திலும் ஜெர்மனி 3-1 என்று முன்னால் நின்ற பிறகுதான் 5-4 என்று திருப்பினார்கள். 0-2 என்று பலகையில் பார்த்தவுடனே 'முடிஞ்சுது' என்று நினைக்காத ஆள் ஒருவர் வெளியே நின்றிருந்தார். 20 வயசுப் பையனுக்கு அது எவ்வளவு தைரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும்...

பதக்கம் வந்ததால் எல்லாம் சரியாகி விட்டது என்று எழுத மனசு வரவில்லை. முன்வரிசைப் பையன்கள் ஓடிவந்து போட வேண்டிய கோல் மூன்று ஆட்டத்திலும் வரவில்லை. கார்னரை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது? கார்னர் கிடைக்காத நாளில் என்ன செய்வது? வெண்கலம் இந்தக் கேள்வியை மூடி வைத்ததே தவிர, பதில் சொல்லவில்லை.

அதே சமயம் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நம்மை 5-1 என்று அடித்த ஜெர்மனிதான் கோப்பை வாங்கியது, எட்டாவது தடவை. அவர்களாவது கோல் மழை பெய்தார்களா? இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுடன் 60 நிமிடம் ஆடி ஒரே ஒரு கோல். 1-1. ஷூட்-அவுட்டில் 3-2. கால் இறுதியில் பிரான்சுடனும் ஷூட்-அவுட்டில்தான் பிழைத்தார்கள். உலகத்தில் மேலே உள்ள ஏழெட்டு அணிகளுக்குள் கோல் என்பது தங்கம் விலைதான். எழும்பூரில் நம்ம பையன்களைத் திட்டியவர்கள் இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இந்தப் பையன்களுக்கு ஆக்கி விளையாட்டு மட்டும் இல்லை, சோறும் அதுதான். ரெயில்வே, வங்கி, பெட்ரோல் கம்பெனி, ராணுவம் என்று ஆக்கி ஆடியே வேலைக்குப் போனவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். சென்னையிலேயே ஐ.சி.எப்., தெற்கு ரெயில்வே, இந்தியன் வங்கி அணிகளைப் பார்க்கலாம். 21 வயது தாண்டினால் ஜூனியர் கதவு சாத்தி விடும். சீனியர் கதவு எல்லோருக்கும் திறக்காது. கோல் வறட்சி வந்த மாதத்தில் ஒரு முன்வரிசைப் பையனுக்கு ராத்திரி தூக்கம் வராது என்றால் அது பத்திரிகையில் என்ன எழுதுவார்களோ என்பதற்காக மட்டும் இல்லை.

நம்ம பக்கத்துக்கு ஒரு வருத்தமும் உண்டு. போட்டி நடந்தது சென்னையிலும் மதுரையிலும். கொடுத்த விளம்பரம் என்ன, 'காங்கேயன்' என்று காளைப் பொம்மை வைத்த அழகு என்ன. இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் கூட இல்லை! கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் செல்வம் கார்த்தி என்று சீனியர் அணி வரை போனவர்கள் இருக்கிறார்கள். 2023-ல் எழும்பூரில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோல் போட்டவரே கார்த்திதான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணிக்கு கேப்டன் நம்ம பாஸ்கரன். எழும்பூரில் பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட அதே ரகத் தரை விரித்திருக்கிறார்கள். மண் தரையில் மட்டை பிடிக்கிற பையன் அந்தத் தரையை எப்போது மிதிப்பான்? திருத்தணியில் இருந்து எழும்பூர் கூப்பிடு தூரம் இல்லை. காலையில் கிளம்பி பயிற்சி முடித்துத் திரும்பினால் பள்ளிக்கூடம் போச்சு.

டிசம்பர் 11-ந் தேதி வியாழக்கிழமை காலை, அதே மின்சார ரெயில். திட்டின வாய் எல்லாம் சிரிக்கிறது. மன்மீத் மட்டையை எப்படி நீட்டினான் என்று ஒருவர் குடையை வைத்துச் செய்து காட்டினார். பக்கத்தில் நின்றவர் மூக்குக் கண்ணாடி தப்பியது.

"அதெல்லாம் சரி நைனா, ஜெர்மனி மேல எப்ப போடுவானுங்க?" என்று ஓரத்தில் இருந்து ஒரு குரல்.

யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் அரக்கோணம் வந்து விட்டது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள்.